அவிய முன்னால் நிற்கப் பயந்தவர்

கரண்டு வருகிறதா என்று பார்க்க நாமெல்லாம் டெஸ்டரைத் தேடுவோம். அண்ணாச்சி மரப்பலகை மேல் ஏறி நின்று, புறங்கையால் ஒயரை லேசாகத் தட்டி, "வருது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டிருக்கும் நான்தான் இரண்டடி பின்னால் போவேன்.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற தெருவில் அவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. கருகிப்போன மோட்டார்களின் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பார். அதை ஒட்டி, ஒரே சுவரில், என் ஜெராக்ஸ் கடை. ஒன்பது வருடம் அப்படி இருந்தோம். அவர் கடையின் வார்னிஷ் வாசம் என் பேப்பர் கட்டுகளில் ஏறி, என்னிடம் ஜெராக்ஸ் எடுத்த மனுவை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தாலும் அங்கே இருக்கிறவர்கள் முகர்ந்து பார்ப்பார்கள்.

ஒருமுறை வத்திராயிருப்புத் தென்னந்தோப்பிலிருந்து வந்த மோட்டாரைக் கழற்றும்போது உள்ளேயிருந்து பாம்பு எட்டிப் பார்த்தது. கடையில் நின்றவர்கள் தெருவுக்குப் பாய்ந்தார்கள். அண்ணாச்சி அதை ஒரு ஒயர்த் துண்டால் தூக்கிச் சாக்கில் போட்டு, சைக்கிளில் கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வந்து, டீயை ஆறிவிட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டு குடித்தார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒருவரிடம்தான் பயம். கடவுளிடம்.

பக்தி என்று நான் சொல்லவில்லை. பக்தி உள்ளவர்கள் சாமியிடம் உரிமையாகப் பேசுவார்கள். கேட்பார்கள், கோபித்துக்கொள்வார்கள், அது கொடு இது கொடு என்று பட்டியல் போடுவார்கள். அண்ணாச்சிக்கு அதைக் கேட்டாலே உதறல் எடுக்கும். "அவியளுக்கு எம்புட்டு சோலி இருக்கும். இடையில போயி எம்மவளுக்கு மார்க்கு குடுங்கன்னு நிக்கவா?" என்பார்.

'அவிய' என்பதுதான் அவர் பெருமாளைச் சொல்லும் சொல். எங்கள் பக்கத்தில் பெரியவர்களை, மரியாதைக்குரியவர்களை அப்படிச் சொல்வது வழக்கம். சாமியை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. சாமியை எல்லாரும் அவன், இவன் என்றுதான் செல்லமாகச் சொல்வோம். ஒருநாள் தோட்டக்காரர் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, நாளைக்கு மோட்டாரு கெடச்சிருமா?" என்று கேட்டார்.

"அவிய மனசு வச்சா கெடைக்கும்."

"யாரு, கரண்டு ஆபீஸ் ஏ.இ.யா? அவரு எனக்குத் தெரிஞ்சவருதான். ஒரு வார்த்த சொல்லிருவமா?"

அண்ணாச்சி பதறிப்போய், அவர் வாயைக் கையால் பொத்தாத குறையாக, "அய்யய்யோ, அவியள ஏ.இ.ங்கீரே" என்றார். எந்த ஆபீஸர், எத்தனை பெரிய ஆபீஸர் என்று அந்தத் தோட்டக்காரர் கடைசிவரை யோசித்துக்கொண்டே போனார்.

வீட்டில் இன்னும் குழப்பம். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி புருஷனை 'அவிய' என்று சொல்பவள். அண்ணாச்சிக்குப் பெருமாள் 'அவிய'. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டேன். "அவியளுக்குப் படைச்சாத்தான அவிய சாப்பிடுவாவ. அவிய சாப்பிட்டாத்தான நான் சாப்பிட" என்றாள் மதினி, ஒரு மூச்சில். எனக்கு வரிசை புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. மதினிக்குக் குழப்பமே இல்லை. இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

என் கடையில் லேமினேஷன் மெஷின் வாங்கிய புதிதில் ஒருவர் பெருமாள் படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் படத்தை உறைக்குள் வைத்து மெஷின் வாயில் விடப் போகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எப்படித்தான் பார்த்தாரோ, வாசலில் வந்து நிற்கிறார்.

"தாயி, அது எம்புட்டு சூடு இருக்கும்?"

"நூத்திருவது டிகிரி, அண்ணாச்சி."

முகத்தைச் சுளித்துக்கொண்டார். செத்த நேரம் யோசித்துவிட்டு, "பாதத்த முதல்ல விட்டுரு. மொகம் போறதுக்குள்ள சூடு கொஞ்சம் கொறையும்ல" என்றார். மெஷின் அப்படி வேலை செய்யாது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பாதத்தை முதலில் விட்டேன். ஒன்பது வருடமும் அப்படியே விட்டேன்.

எங்கள் தெருவில் சாமி புறப்பாடு வரும்போது குறுக்கே போகிற கேபிள் ஒயர்களைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். மற்ற தெருக்களில் எலக்ட்ரீஷியன்கள் ஏணி போட்டு ஏறி, ஒரு கையால் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் கும்பிட்டுக்கொள்வார்கள். அண்ணாச்சி ஏணியைத் தொடமாட்டார். நீளமான மூங்கில் கழியைத் தரையில் நின்றபடியே உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க, சப்பரம் கடந்து போகும்வரை பிடித்திருப்பார். "அண்ணாச்சி, ஏணிதான் இருக்குல்ல" என்று கேட்டதற்கு, "அவியளுக்கு மேல நின்னு குனிஞ்சு பாக்கச் சொல்லுதியா?" என்றார். அத்தனை கஷ்டப்பட்டுத் தூக்கிப் பிடித்தவர், சப்பரம் நேரே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை பக்கத்தில் வந்த சாமியை அந்தத் தெருவில் பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கரண்டு இல்லாத ஒரு மத்தியானம் சொன்னார். இரண்டு கடையும் சும்மா கிடந்தன. இருபது வயதில் அவருக்கு மைக்செட், லைட் கட்டுகிற வேலை. ஒரு புரட்டாசியில் மைதானத்தில் நடந்த உபன்யாசத்துக்கு லைட் போட்டிருக்கிறார். மேடைக்குப் பக்கவாட்டில் போகஸ் லைட்டைப் பிடித்தபடி நின்று, வேறு வழியில்லாமல் கேட்டிருக்கிறார்.

"ரெண்டு படைக்கும் நடுவுல தேரு நிக்கி தாயி. வில்லு வச்சிருக்கவன் சண்டை போடமாட்டேன்னு உக்காந்துட்டான். தேரு ஓட்டுதவுக அவனுக்குக் கூட்டாளி. ஒண்ணாச் சாப்பிட்டு, ஒண்ணாச் சுத்துன கூட்டாளி. அவிய, 'நான் யாருன்னு பாத்துக்கோ'ன்னு காட்டிட்டாவ. எம்புட்டு கையி, எம்புட்டு வாயி, எங்க தொடங்குது எங்க முடியுதுன்னே தெரியல. ஆயிரம் போகஸ் லைட்ட ஒண்ணா மூஞ்சிக்கு நேரா அடிச்ச மாதிரி வெளிச்சம்."

"போகஸ் லைட்டுன்னு உபன்யாசக்காரரு சொன்னாராக்கும்?"

"அவரு வேற என்னமோ சொன்னாரு. எனக்கு அப்படித்தான் வெளங்குச்சு. ஆனா பயந்தது அதுக்கில்ல. வில்லுக்காரன் கையெடுத்துக் கும்பிட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'நீங்க யாருன்னு தெரியாம உங்கள பேரச் சொல்லிக் கூப்பிட்டனே, சாப்பிடும்போதும் படுத்துக் கெடக்கும்போதும் கேலி பண்ணுனனே, பொறுத்துக்கிடுங்க'ன்னு நடுங்கிட்டான். அம்புட்டு பெரிய வீரன். நானும் அதுவரைக்கும் சாமிய அவன் இவன்னுதான் பேசிட்டு இருந்தேன். கூட்டம் முடிஞ்சு லைட்ட அணைங்காவ, என் கை சுவிச்சுக்குப் போகல."

அன்றிலிருந்து 'அவிய'தான். தலைகுனிவுதான்.

சனிக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்குப் போவார். சாயங்கால பஸ்ஸில்தான். ஒரு தூணாகப் பார்த்து அதன் பின்னால் நின்று, தரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். காலையில் போகவே மாட்டார். ஏனென்றால் காலையில் நடை திறந்ததும் நடக்கிற முதல் தரிசனத்துக்கு விஸ்வரூபம் என்று பெயர். அந்தப் பெயரை யாரோ சொல்லக் கேட்ட நாளிலிருந்து காலை பஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. "காலையில அவிய முழுசா இருப்பாவ. நமக்குச் சாயங்காலம் போதும்" என்பது அவர் கணக்கு.

நான் விடுவேனா? "அந்த ஊர்ல பால்காரரு தெனமும் காலையில பாத்துட்டு வாராரு. அவரு என்ன எரிஞ்சா போனாரு?"

"அவரு பழகிட்டாரு."

"விஸ்வரூபம்னா சாமியத் தூக்கத்துலருந்து எழுப்புறதுதான் அண்ணாச்சி. பேருதான் அப்படி."

"பேரு சும்மா வைப்பாகளா? ஹை வோல்டேஜ்னு போர்டு இருந்தா, பேருதான அப்படின்னு உள்ள கைய விடுவியா நீ?"

நான் மெஷினில் பேப்பர் அடுக்கப் போய்விட்டேன்.

இப்படிக் கேலியும் கிண்டலுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மதினிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். மகள் அப்போது கல்யாணமாகி வெளியூரில், கைக்குழந்தையோடு இருந்தாள், வர முடியவில்லை. "அவிய தனியா இருந்தா யார்கிட்டயும் வாயத் தொறக்கமாட்டாவ. நீ கூட இரு" என்று மதினி என்னைக் கூப்பிட்டாள். இந்த 'அவிய' அண்ணாச்சி என்பது எனக்குப் புரிந்தது. கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

இரண்டு மணி நேரம் என்றார்கள். காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. ஒரு நர்ஸ் ஓடிவந்து, இன்னும் ரத்தம் வேண்டும் என்று யாரிடமோ சொல்லிவிட்டு எங்களைப் பார்க்காமலே உள்ளே போனாள். அண்ணாச்சி நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செம்புக்கம்பி அறுத்து அறுத்துக் காய்த்துப்போன கைகள். வேண்டிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று நான் சொல்லவில்லை. அவர் எதையும் கேட்கமாட்டார் என்று தெரியும்.

வராந்தாவின் கடைசிச் சுவரில் ஒரு பெருமாள் படம் மாட்டியிருந்தார்கள். காலையிலிருந்து அந்தப் பக்கம் முதுகைக் காட்டாமலும் முகத்தைக் காட்டாமலும் ஒருச்சாய்ந்தே உட்கார்ந்திருந்தவர், திடீரென்று எழுந்தார். நேரே அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். தலையைத் தூக்கினார்.

"ஏலே."

முதலில் அவர் யாரையோ கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏலே, எங்கலே போயிட்ட? முப்பது வருசமா ஒன் மூஞ்சிய நிமிந்து பாக்காம நின்னம்லே. ஒண்ணு கேட்டிருப்பனாலே? ஒரே ஒண்ணு கேட்டிருப்பனா? இன்னைக்கு நிமிந்துட்டேன். என்னயப் பாருலே. பாத்துச் சொல்லுலே, அவ வருவாளா மாட்டாளா?"

வாட்ச்மேன் எழுந்து வந்தார். நான் ஓடிப்போய் அண்ணாச்சியின் கையைப் பிடித்தேன். நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்ததும், தூக்கத்திலிருந்து விழித்தவர்போல என்னைப் பார்த்தார்.

"தாயி, நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலண்ணாச்சி."

"ஏலேன்னு சொன்னனோ?"

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு டாக்டர் வந்து, ரத்தம் அதிகம் போய்விட்டது, ஆனால் இனி பயமில்லை என்றார். அண்ணாச்சி டாக்டரைக் கும்பிட்டார். படத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

மதினி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆனபிறகு, கஞ்சி குடித்துக்கொண்டே ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். உள்ளே கொண்டுபோவதற்கு முன் நேர்ந்துகொண்டாளாம். பிழைத்து வந்தால் புருஷனும் பொண்டாட்டியுமாக வந்து விஸ்வரூப தரிசனம் பார்ப்பதாக.

அண்ணாச்சி எழுந்தே விட்டார். "ஏட்டி, ஒனக்கு வேற நேர்த்தியே கெடைக்கலியா? மொட்ட போடச் சொல்லு, போடுதேன். உருளச் சொல்லு, உருளுதேன். மலைக்கு நடந்து போகச் சொல்லு."

"வேணும்னுதான் நேந்தேன். நான் செத்துப் பொழைச்சு வந்த பெறகுகூட ஒங்கள அங்க கூட்டிட்டுப் போக முடியலன்னா எப்பம் கூட்டிட்டுப் போறது?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது மதினிக்குத் தெரியாது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கஞ்சிக்குத் துவையல் நன்றாக இருக்கிறது என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் சொன்ன சாக்குகளை நான் எழுதி வைக்காமல் போனது நஷ்டம். மில் மோட்டார் அவசரம். மழை வரும்போல இருக்கிறது. மழை வரவில்லை, வெயில் அதிகம். காலை பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள் கூட்டம், மதினி நிற்கக் கூடாது. "அவங்க காலேஜ் பஸ்ல போவாங்க அண்ணாச்சி" என்றால், "பஸ்ஸ விட்டவனுவ இதுல ஏறுவானுவ" என்பார்.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பி சுற்றும் சத்தம் நின்றது. வாசலில் வந்து நின்றார்.

"தாயி, வில்லுக்காரனாவது தெரியாமப் பேசுனான். நான் தெரிஞ்சே பேசிட்டேன். அவன் கேலிதான் பண்ணுனான், நான் அதட்டுனேன். அதுவும் நேருக்கு நேரா. இப்பம் போயி அவிய முழுசா இருக்கும்போது எப்படி நிக்க?"

கேலி செய்ய வாய் வந்தது. அவருடைய கண்ணைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். "மதினி தனியாப் போகட்டும்னு விட்டுருவீங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் உள்ளே போய்க் கம்பி சுற்ற ஆரம்பித்தார். மறுநாள் காலை மூன்று பேரும் முதல் பஸ்ஸில் இருந்தோம்.

வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வன்னியம்பட்டி தாண்டும்போது கிழக்கே வெளுக்கத் தொடங்கியது. கோவில் வாசலில் காலைக் கழுவினார். மறுபடி கழுவினார். மூன்றாவது தடவை மதினி குழாயை மூடிவிட்டாள்.

உள்ளே சன்னதிக் கதவு இன்னும் திறக்கவில்லை. இருபது முப்பது பேர் நின்றோம். நடை திறந்ததும் சாமி முதலில் பார்ப்பதற்காக ஒரு பசுவைக் கன்றோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்தார். தோதான தூண்களில் எல்லாம் ஆள் சாய்ந்திருந்தார்கள். மெதுவாக நகர்ந்து பசுவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதினி என் தொடையைக் கிள்ளினாள்.

நாதஸ்வரம் எழுந்தது. கதவு திறந்தது. எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். அண்ணாச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அதற்குள் அந்தப் பசு வேலை முடிந்ததென்று கன்றோடு நடையைக் கட்டிவிட்டது. சன்னதிக்கு நேர் எதிரே, முன்னால் ஒரு மறைப்பும் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு அண்ணாச்சி நின்றார்.

பட்டர் கற்பூரத் தட்டோடு திரும்பியவர் அவரைப் பார்த்தார். "கண்ணத் தொறந்து சேவிச்சுக்கோங்கோ. இத்தன காலையில எழுந்து வந்துட்டு கண்ண மூடிண்டா எப்படி?"

பட்டர் அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மதினி அண்ணாச்சியின் முழங்கையைத் தொட்டாள். அவர் கண்ணைத் திறந்தார்.

நான் அன்றைக்குச் சன்னதிப் பக்கம் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடி இருந்தது. அழவில்லை. கும்பிடக்கூட இல்லை, கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தூரத்து ஊரில் தெரிந்த ஆளைக் கண்டுவிட்டவர்போல நின்றார். பட்டர் வந்து தலையில் சடாரி வைத்தபோது அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். மதினிதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒரு சீட்டில், நான் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்தபடி. என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"எத்தன போகஸ் லைட்டு அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தாயி. ஒரே ஒரு வெளக்கு." என் பக்கம் சாய்ந்தார். "நேத்துப் போட்ட மால வாடிக் கெடக்கு. தூங்கி எந்திரிச்ச மொகம். நம்ம வீட்டு ஆளு எந்திரிச்சு உக்காந்து, என்ன இம்புட்டு காலையிலன்னு கேக்குத மாதிரி."

மதினி சிரித்தாள். "இதுக்கா இத்தன வருசம் பயந்தீய?"

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, மெதுவாக, "மன்னிப்புக் கேக்கணும்னுதான் போனேன். அந்த மொகத்தப் பாத்தா, நான் பேசுனத மனசுல வச்சிருக்க மாதிரியே இல்ல. என்னன்னு கேக்க?" என்றார்.

மதினி, எதற்கு மன்னிப்பு என்று கேட்டாள். அப்போதுதான் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசியதை, ஒரு வார்த்தை விடாமல், தலையைக் குனிந்துகொண்டு அவளிடம் சொன்னார். 'ஏலே' வரும் இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தினார். மதினி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

நான்தான் பேச்சை மாற்றினேன். "அப்பம் இனிமே பயமில்லைல்ல அண்ணாச்சி?"

"இப்பம்தான் தாயி கூடுதலா இருக்கு" என்றார். "ஆயிரம் லைட்டாப் போட்டு நின்னா ஓடிரலாம். இப்படி, தூங்கி எந்திரிச்ச மொகத்தோட நம்மளப் பாத்தா எங்க ஓடுறது?"

மதினி அவருடைய காய்த்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.